கீபோர்டுக்கு இன்னும் மவுசு

மாதத்தின் 18, 19 தேதி வாக்கில் ஈரோட்டிலோ கரூரிலோ ஏதாவது ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குள் எட்டிப் பாருங்கள். 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி வரிப் படிவம் போட்டாக வேண்டும். பார்ட்டிகள் கடைசி நேரத்தில் கொண்டுவந்து கொட்டிய பில்கள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்கவுண்டன்ட்டின் இடது கை பில்லைப் புரட்டும். வலது கை கீபோர்டின் வலது ஓரத்திலிருக்கும் எண் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும். கண் பில்லில். திரைக்கு அவ்வப்போது ஒரு பார்வை போனால் பெரிது. மவுஸ் எங்கே என்று தேடினால், ஃபேன் காற்றில் பில் பறக்காமல் இருக்க அதன் மேல் வெயிட்டாக வைத்திருப்பார்.

அந்தத் திரையில் இருப்பது டேலி என்ற கணக்கு மென்பொருள். ஒரு கொள்முதல் பில் உள்ளே போவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முகப்பு மெனுவில் வி என்ற எழுத்தைத் தட்டினால் வவுச்சர் திரை வருகிறது. எஃப்9 அடித்தால் அது கொள்முதல் வவுச்சராகிறது. எஃப்2 அடித்துத் தேதி. எண்டர். பில் நம்பர், எண்டர். பார்ட்டி பெயரில் முதல் மூன்று நான்கு எழுத்தை அடிப்பதற்குள் பட்டியல் சுருங்கி அந்தப் பெயரில் வந்து நிற்கிறது. புதுப் பார்ட்டியா, லெட்ஜரே இல்லையா? ஆல்ட்+சி. வவுச்சரை விட்டு வெளியே போகாமலே லெட்ஜர் திறக்கும் திரை மேலே வருகிறது. விவரத்தைப் போட்டு கண்ட்ரோல்+ஏ அடித்தால், விட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. சரக்கு, அளவு, விலை, வரி. நரேஷன் போன வவுச்சரில் எழுதியதுதான் என்றால் கண்ட்ரோல்+ஆர். முழு வாக்கியமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபடி கண்ட்ரோல்+ஏ. வவுச்சர் சேமிக்கப்பட்டு அடுத்த வெற்றுத் திரை தயார். இதைப் படிக்க உங்களுக்கு ஆன நேரத்தில் அவர் இரண்டு பில்லை முடித்திருப்பார்.

எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். வணிகவியல் படித்துவிட்டு ‘டேலி தெரியுமா?’ என்ற கேள்வியோடு வேலைக்குப் போன ஒரு தலைமுறையே இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்லும். சொல்லச் சொன்னால் தடுமாறி, விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொல்பவர்களும் உண்டு. நினைவு விரலில்தான் இருக்கிறது.

டேலி இப்படி அமைந்ததற்கு அது பிறந்த காலம் ஒரு காரணம். ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்கைப் பார்க்க ஒரு மென்பொருள் தேடினார். தோதாக எதுவும் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய கதை இது. (பரத்துக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.) அன்றைக்கு டாஸ் இயங்குதளம். கறுப்புத் திரை, கீபோர்டு, வேறொன்றும் கிடையாது. மவுஸ் வாங்கக் காசு கொடுக்கத் தயாராக இருந்த கடைக்காரர்களும் குறைவு. எல்லாமே விரலில் நடக்க வேண்டும் என்பது தேர்வே அல்ல, கட்டாயம்.

விண்டோஸ் வந்து, மற்ற மென்பொருள்களெல்லாம் படம் படமாக மாறிய பிறகும் டேலி அந்தக் குணத்தை விடவில்லை. பாலன்ஸ் ஷீட்டுக்கு பி, ஸ்டாக் சம்மரிக்கு எஸ், வெளியேற க்யூ. மெனுவில் எந்த எழுத்தைத் தட்ட வேண்டுமோ அந்த எழுத்து மட்டும் தனித்துத் தெரியும். எஃப் வரிசைப் பொத்தான்களின் பட்டியல் வலது ஓரத்தில் எப்போதும் நிற்கும். அதாவது, மென்பொருளே தன் குறுக்குவழியைத் திரையில் எழுதி வைத்திருக்கிறது. புத்தகம் வாங்கி யாரும் மனப்பாடம் செய்யவில்லை. ஒரு மாதம் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். அடுத்த மாதம் பார்க்காமல் அடித்தார்கள். நம்மில் பெரும்பாலோர் வேர்டிலும் எக்செலிலும் பத்து வருஷம் வேலை பார்த்தும் நாலைந்து ஷார்ட்கட்டோடு நின்றுவிட்டதற்குச் சோம்பல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அங்கே ஐகான் பளிச்சென்று கண்ணில் படுகிறது. ஷார்ட்கட் மெனுவுக்குள்ளோ, மவுஸை மேலே கொண்டுபோய் நிறுத்தினால் எட்டிப்பார்க்கும் சின்னக் குறிப்பிலோ ஒளிந்திருக்கிறது.

2005-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைக்ரோசாஃப்ட் வேர்டில் நல்ல அனுபவமுள்ள 251 பேரை ஆராய்ந்தார்கள். தினமும் பலமுறை செய்கிற வேலைகளுக்குக்கூடப் பெரும்பாலோர் ஐகானைத்தான் க்ளிக் செய்துகொண்டிருந்தார்கள். அனுபவம் கூடக்கூடத் தானாக ஷார்ட்கட்டுக்கு மாறிவிடுவார்கள் என்பது மென்பொருள் உலகின் பழைய நம்பிக்கை. அது நடக்கவில்லை.

மவுஸும் கீபோர்டும் சக்களத்திகளாகப் பிறந்தவை அல்ல. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் உலகுக்கு மவுஸைக் காட்டியபோது அவருடைய வலது கையில் மவுஸ். இடது கையில் ஐந்தே பொத்தான் கொண்ட குட்டிக் கருவி ஒன்று. ஹார்மோனியத்தில் இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது மாதிரி, அந்த ஐந்து பொத்தான்களைப் பல விதமாகச் சேர்த்து அழுத்திக் கட்டளை கொடுத்தார். ஒரு கை இடத்தைக் காட்டும், மறு கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். மவுஸ் உலகம் முழுக்கப் போனது. இடது கைக் கருவி அருங்காட்சியகத்தோடு சரி. அது செய்த வேலையைத்தான் இன்று கண்ட்ரோல் பொத்தானும் பக்கத்து எழுத்துகளும் செய்கின்றன.

அந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன? லாரி டெஸ்லர் என்ற பெயரை இங்கே சொல்லியாக வேண்டும். 1970-களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் அவரும் டிம் மாட்டும் சேர்ந்து ஜிப்சி என்ற எழுதுமென்பொருளை உருவாக்கினார்கள். வெட்டு, நகலெடு, ஒட்டு என்று இன்று நாம் செய்வது அங்கே உருப்பெற்றது. அதே ஆய்வகத்தில் அதற்கு முன் ப்ராவோ என்றொரு மென்பொருள் இருந்தது. அதில் எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் ஆங்கிலத்தில் எடிட் என்ற நாலெழுத்துச் சொல்லை அடிக்கிறார் என்று வையுங்கள். ஈ என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடு. டி என்றால் அழி. ஐ என்றால் எழுதத் தொடங்கு. கடைசி டி எழுத்தாக விழும். முழு ஆவணமும் போய், வெள்ளைத் திரையில் ஒற்றை எழுத்து மிஞ்சும். டெஸ்லர் இப்படி நிலை மாறுகிற மென்பொருள்களை வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். ‘நோ மோட்ஸ்’ என்று கார் நம்பர் பிளேட்டே வைத்திருந்தார். எழுத்து எப்போதும் எழுத்தாகவே விழட்டும், கட்டளை என்றால் கூடவே ஒரு பொத்தானைப் பிடிக்கட்டும் என்பது அவர் கட்சி.

பிறகு ஆப்பிளுக்குப் போனார். 1983-இல் வந்த லிசா கம்ப்யூட்டரில் இசட், எக்ஸ், சி, வி நான்கும் வரிசையாக அமர்ந்தன. எக்ஸ் அடித்துவிடும் குறி போலிருக்கிறது, வெட்டுவதற்கு. சி நகலுக்கான முதலெழுத்து. வி, புரூஃப் திருத்துகிறவர்கள் இடையில் சேர்க்கப் போடும் குறியைத் தலைகீழாகப் போட்டது போலிருக்கும், ஒட்டுவதற்கு. செய்ததை ரத்து செய்ய, பக்கத்திலேயே இசட். நான்கும் இடது கையின் கீழ்வரிசையில், வலது கை மவுஸை விடாமலே அடிக்கத் தோதாக. பத்து வருஷத்துக்குள் விண்டோஸும் அதே நான்கு எழுத்தை எடுத்துக்கொண்டது. டெஸ்லர் 2020-இல் காலமானார். அவர் பெயரைக் கேள்விப்படாத கோடிக்கணக்கானவர்கள் தினமும் அவர் வைத்த இடத்தில் விரலை வைக்கிறார்கள்.

அதே ஆப்பிள்தான் 1984-இல் மெக்கின்டாஷை வெளியிட்டபோது கீபோர்டில் அம்புக்குறிப் பொத்தான்களே இல்லாமல் விற்றது. இருந்தால் மக்கள் பழைய பழக்கத்தில் அதையே அழுத்துவார்கள், மென்பொருள் எழுதுகிறவர்களும் பழைய மாதிரியே எழுதுவார்கள், மவுஸைத் தொடமாட்டார்கள் என்ற கணக்கு. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். பின்னால் வந்த கீபோர்டுகளில் அம்புக்குறி திரும்ப வந்துவிட்டது.

சரி, எது உண்மையிலேயே வேகம்? இந்தக் கேள்விக்கு ஆப்பிளில் வேலை பார்த்த ப்ரூஸ் டாக்னாஸினி 1989-இல் ஒரு பதில் எழுதினார். ஷார்ட்கட் பிரியர்களுக்கு இன்றும் அது உறுத்தல். ஆப்பிள் 5 கோடி டாலர் செலவில் நடத்திய ஆய்வுகளில், கீபோர்டுதான் வேகம் என்று பயன்படுத்தியவர்கள் சொன்னார்களாம். கடிகாரமோ மவுஸ்தான் வேகம் என்று காட்டியதாம். எந்தப் பொத்தான் என்று யோசிக்கிற இரண்டு நொடி நம் கணக்கில் ஏறுவதில்லை, மவுஸை நகர்த்துகிற நேரம் மட்டும் உறைக்கிறது என்பது அவர் விளக்கம்.

இதை அப்படியே தள்ளிவிட முடியாது. அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1980-இல், ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மொரான், ஆலன் நியூவெல் மூவரும் இதற்கு ஒரு வாய்ப்பாடு கொடுத்திருந்தார்கள். ஓரளவு நன்றாகத் தட்டச்சு தெரிந்தவருக்கு ஒரு பொத்தானை அழுத்த 0.2 நொடி. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை போக 0.4. திரையில் ஓர் இடத்தைக் குறிபார்க்க 1.1. அடுத்து என்ன என்று மனம் தயாராக 1.35. கூட்டிப் பாருங்கள். கையை மவுஸுக்குக் கொண்டுபோய், ஐகானைப் பிடித்து, க்ளிக் செய்து, கையைத் திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய 2.1 நொடி. கண்ட்ரோலோடு ஓர் எழுத்து என்றால் 0.4 நொடி. அதுவே ‘எந்த எழுத்து?’ என்று ஒருமுறை யோசித்தால் 1.75. இரண்டு முறை யோசித்தால் மூன்று நொடியைத் தாண்டிவிடும், மவுஸ் ஜெயித்துவிடும். டாக்னாஸினி பார்த்தவர்கள் யோசித்து அடித்தவர்கள். ஈரோட்டு அக்கவுண்டன்ட் யோசிப்பதில்லை. இரண்டு பேச்சும் சரிதான்.

ஆகவே ‘நூறு ஷார்ட்கட்’ என்று பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்களால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைக்கு மவுஸே போதும். ஒரு நாளில் நாற்பது முறை எதைச் செய்கிறீர்களோ அதற்கு மட்டும் விரலைப் பழக்கினால் போதும். எக்செலில் வேலை என்றால் கண்ட்ரோலோடு அம்புக்குறி. பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் வரிசை இருக்கிற தாளில் ஸ்க்ரோல் செய்துகொண்டே இருப்பது கொடுமை. இந்த ஒரு சேர்க்கை விவரம் முடிகிற கடைசிக் கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கூடவே ஷிஃப்டையும் பிடித்தால் அதுவரை தேர்வாகிவிடும். கண்ட்ரோலோடு அரைப்புள்ளி அடித்தால் இன்றைய தேதி. ஆல்ட்டோடு சமக்குறி அடித்தால் கூட்டல். பிரவுசரில் தவறி மூடிய டேபைத் திரும்பக் கொண்டுவர கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி. இதைத் தெரிந்துகொண்ட அன்று நண்பர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

விரல் பழகிவிட்டால் இன்னொரு சிக்கல் வருகிறது. மென்பொருள் நிறுவனம் பொத்தானை மாற்றினால் என்ன ஆவது? பழகிய விரல் என்பது ஓர் ஊழியரின் முதலீடு. அதை நிறுவனம் ஒரே அப்டேட்டில் செல்லாக்காசாக்கிவிட முடியும். இதில் மைக்ரோசாஃப்ட் ஒரு விஷயத்தில் பாராட்டுக்குரியது. 2007-இல் ஆபீஸின் மெனுக்களையெல்லாம் தூக்கிவிட்டு ரிப்பனைக் கொண்டுவந்தபோதும், ஆல்ட், ஈ, எஸ், வி என்று பழைய மெனு வழியே மதிப்பை மட்டும் ஒட்டப் பழகியவர்களின் விரலை மதித்து, அந்த வழியை விட்டுவைத்தார்கள். எடிட் என்ற மெனுவே இல்லாத எக்செலில் அது இன்றும் வேலை செய்கிறது. அதற்கும் முந்திய காலத்து ஆவி ஒன்றும் அங்கே உலவுகிறது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் சாய்கோட்டைத் தட்டினால் மெனு திறக்கும். லோட்டஸ்காரர்களை இழுப்பதற்காக எக்செலும் அதை ஏற்றுக்கொண்டது. இப்போதும் எக்செலில் ஒரு வெற்றுக் கட்டத்தில் நின்று சாய்கோட்டைத் தட்டிப் பாருங்கள். மேலே எழுத்துகள் முளைக்கும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டரில் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று பாடம் படித்தவர்களுக்கு அந்தச் சாய்கோடு ஞாபகம் இருக்கும்.

டேலி இதில் பாதிக் கிணறு தாண்டியது. 2020-இல் டேலி பிரைம் வந்தபோது எஃப்4 முதல் எஃப்9 வரை கைவைக்கவில்லை, புத்திசாலித்தனம். ஆனால் கண்ட்ரோல்+எஃப்9 ஆக இருந்த டெபிட் நோட் ஆல்ட்+எஃப்5 ஆனது. கண்ட்ரோல்+எஃப்8 ஆக இருந்த கிரெடிட் நோட் ஆல்ட்+எஃப்6 ஆனது. கொள்முதல் எஃப்9, அதைத் திருப்பி அனுப்பினால் அதோடு ஒரு கண்ட்ரோல் என்ற பழைய கணக்கு விரலுக்குப் புரிந்தது. புதியதிலும் ஒரு நியாயம் இருக்கலாம். பழைய ஆளுக்கு அதனால் என்ன லாபம்? அதே பிரைமில் ஆல்ட்+ஜி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். எந்தத் திரையில் இருந்தாலும் அதை அடித்து, வேண்டிய அறிக்கையின் பெயரில் சில எழுத்தை அடித்தால் நேராக அங்கே போய்விடலாம், பாதியில் விட்ட வவுச்சர் அப்படியே இருக்கும். இது அருமையான வேலை. சேர்த்ததற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. நகர்த்தியதற்குத்தான் வந்தார்கள்.

பொத்தானை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதிலும் வேடிக்கை உண்டு. அநேகமாக எல்லா மென்பொருளிலும் கண்ட்ரோல்+எஃப் தேடுவதற்கு. அவுட்லுக்கில் அது மெயிலை இன்னொருவருக்கு அனுப்பும் பொத்தான். ஆரம்பத்தில் அங்கேயும் தேடல்தான் இருந்ததாம். சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய ஒருவர் தன் பழைய பழக்கம் கெட்டுவிட்டது என்று புகார் கொடுத்தார். புகார் கொடுத்தவர் பெயர் பில் கேட்ஸ். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் சொன்ன கதை இது. நம் விரல் பழக்கத்துக்கு அந்த யோகம் இல்லை.

கண்ட்ரோல்+ஆல்ட்+டெலீட் கதையிலும் கேட்ஸ் வருகிறார். ஐ.பி.எம்.மில் 1981-ஆம் ஆண்டுக் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் பிராட்லி, சோதனையின்போது மெஷினை அணைத்து அணைத்துப் போட அலுத்துப்போய் இந்தச் சேர்க்கையை எழுதினார். முதலில் டெலீட்டுக்குப் பதில் எஸ்கேப். அந்த மூன்றும் இடது பக்கத்திலேயே இருந்ததால் கை பட்டுத் தவறுதலாக அழுந்திவிடும் என்று, இரண்டு கை வேண்டியபடி டெலீட்டுக்கு மாற்றினார். ஷார்ட்கட்டுகளில் வேண்டுமென்றே கஷ்டமாக வைக்கப்பட்டது இது. பின்னால் விண்டோஸ் என்.டி. உள்நுழைவதற்கே இதை அழுத்தச் சொன்னது. ஒரு பொத்தானில் முடித்திருக்கலாம், தப்பு நடந்துவிட்டது என்று 2013-இல் ஹார்வர்டில் கேட்ஸ் ஒப்புக்கொண்டார். கண்ட்ரோல்+டபிள்யூவுக்குப் பக்கத்திலேயே கண்ட்ரோல்+க்யூவை வைத்தவர்களுக்கு பிராட்லியின் முன்யோசனையில் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஒரு டேபை மூடப்போய் மொத்தப் பிரவுசரையும் மூடியவர்களைக் கேளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வேகத்தைப் பற்றி. மவுஸ் என்ற மாற்றுவழியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பார்வையற்ற ஒருவருக்குத் திரையில் மிதக்கும் அம்புக்குறியால் எந்தப் பயனும் இல்லை. அவர் கம்ப்யூட்டரில் செய்கிற அத்தனையும் பொத்தான் வழியேதான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இருவர் 2006 முதல் வளர்த்தெடுத்த என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இன்று உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும், தமிழிலும். ஒரு செய்தித் தளத்தைத் திறந்ததும் ஹெச் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகும். கே தட்டினால் அடுத்த இணைப்பு. டி தட்டினால் அட்டவணை. பி தட்டினால் பொத்தான். ஷிஃப்டைச் சேர்த்தால் பின்னோக்கி. பழகியவர்கள் குரலை ஓடவிடும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ஷார்ட்கட் கலையில் உண்மையான வித்தகர்கள் அவர்கள்தான். எக்செல் உலகப் போட்டியில் 2021 முதல் தொடர்ந்து மூன்று முறை வென்ற ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ ஙாய்கூட அவர்களுக்கு அடுத்துத்தான் என்பேன்.

அவர்களை மடக்குவது பெரும்பாலும் பொத்தான் போலத் தோன்றும் படம். க்ளிக் செய்தால் மட்டும் வேலை செய்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கும். டேப் அடித்து வந்தால் அதன் மேல் நிற்காமல் தாண்டிப் போய்விடும். விண்ணப்பத்தின் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, ‘சமர்ப்பி’ எங்கே என்று தெரியாமல் நிற்க வேண்டியதுதான். இணையதளங்களுக்கான அனைத்துலக அணுகல் வழிகாட்டியில், எல்லாச் செயலையும் கீபோர்டாலேயே செய்ய முடிய வேண்டும் என்பது ஆரம்பப் படியிலேயே இருக்கிறது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது. தளத்தைக் கட்டுகிறவர் செய்ய வேண்டிய சோதனை மிகச் சுலபம்: மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, டேப், எண்டர், ஸ்பேஸ் மூன்றை மட்டும் வைத்துத் தன் தளத்தில் ஒரு டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

பார்வை உள்ள, ஆனால் கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல். டேப் இப்போது எங்கே நிற்கிறது என்று காட்ட, பிரவுசர் தானாக ஒரு வளையம் போடும். அது அசிங்கமாக இருக்கிறதென்று டிசைனர்கள் ஒரே ஒரு வரி எழுதி அதை மறைத்துவிடுகிறார்கள். அழகான பக்கம், எங்கே நிற்கிறோம் என்று மட்டும் தெரியாது. இதைச் சரிசெய்ய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அந்த வரியை அழித்தால் போதும்.